அச்சகத்துக்கு ஒரு பூட்டு, கோப்புக்கு ஒரு பூட்டு: சென்னையில் பத்திரிகைச் சுதந்திரமும் தகவல் உரிமையும் கடந்துவந்த பாதை

அரசாங்கம் ஒன்று மக்களின் அறிவைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்கு இரண்டு வழிகள் உண்டு: அச்சிடுகிறவனைத் தடுப்பது ஒன்று, அச்சிடத்தக்க செய்தி தன் அலுவலகத்தை விட்டு வெளியேறாமல் தடுப்பது மற்றொன்று. முதலாவதை எதிர்த்து நடந்த போராட்டங்கள் சிறை, நாடுகடத்தல், அபராதம், பறிமுதல் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை விட்டுச்சென்றமையால் வரலாற்று நூல்களில் அவை விரிவாகப் பேசப்பட்டன. இரண்டாவது ஓசையின்றி நடப்பது என்பதால், அதற்கெதிரான குரலும் மிகப் பிந்தியே எழுந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சி முதலில் வேரூன்றிய ஊர்களுள் ஒன்றும், தகவல் பெறும் உரிமைக்கு இந்திய மாநிலங்களிலேயே முதலில் சட்டம் இயற்றப்பட்ட இடமுமான சென்னையின் வரலாற்றில், இவ்விரு பூட்டுகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நின்றன என்பதைத் தெளிவாகக் காண முடிகிறது.

சென்னையின் முதல் செய்தித்தாளான மெட்ராஸ் கூரியர் 1785 அக்டோபர் 12 அன்று வெளிவந்தது. அதை நடத்திய ரிச்சர்ட் ஜான்ஸ்டன் அரசாங்கத்தின் அச்சுப் பணியைச் செய்துவந்தவர். ஆகவே தொடக்கத்தில் கோட்டையிலிருந்த அரசாங்கத்துக்கும் பத்திரிகைக்கும் இடையே உரசல் எழவில்லை. கல்கத்தாவில் ஐந்தாண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி நடத்திய வங்காள கெஜட் ஆளுநர் தலைவர் வாரன் ஹேஸ்டிங்ஸையே தாக்கி எழுதி, ஆசிரியரைச் சிறைக்குக் கொண்டுசென்ற கதை சென்னையில் உடனே நிகழாமற்போனதற்கு இதுவே காரணம். அரசின் தயவில் வாழும் ஏட்டுக்குத் தணிக்கை தேவைப்படுவதில்லை. 1795இல் ஹம்ஃப்ரீஸ் என்பவர் அரசாங்கத்தின் அனுமதி பெறாமலே இந்தியா ஹெரால்டு என்ற ஏட்டைத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. அவர் கைது செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு நாடுகடத்த ஆணையிடப்பட்டார். ஏற்றிச்செல்ல இருந்த கப்பலிலிருந்து தப்பியும் விட்டார். அதே ஆண்டில் மெட்ராஸ் கெஜட் ஏடு அரசாங்கத்தின் பொது ஆணைகளை வெளியிடும் முன் இராணுவச் செயலரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சென்னையில் முன்தணிக்கை, அதாவது அச்சேறும் முன்னரே அதிகாரி ஒருவர் படித்து ஒப்புதல் தரும் முறை, இவ்வாறு தொடங்கியது. அது முதலில் கைவைத்த இடம் வசைச் செய்தியோ கிசுகிசுவோ அல்ல, அரசாங்கத்தின் சொந்த ஆணைகள் என்பது கவனத்திற்குரியது. தொடக்கத்திலேயே பத்திரிகைக் கட்டுப்பாடு அரசுத் தகவலின் கட்டுப்பாடாகவே இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, திப்பு சுல்தானுடன் இறுதிப் போர் நடந்த 1799ஆம் ஆண்டில், ஆளுநர் தலைவர் வெல்லெஸ்லி இம்முறையைக் கம்பெனியின் ஏடுகள் அனைத்துக்கும் பொதுவாக்கினார். ஏட்டின் அடியில் அச்சிடுகிறவரின் பெயர் இருக்க வேண்டும். ஆசிரியரும் உரிமையாளரும் தம் பெயரையும் முகவரியையும் அரசுச் செயலரிடம் பதிவு செய்ய வேண்டும். அவர் பார்த்து இசைவளிக்காத எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றம். போருக்காகப் பிறந்த விதிகள் போர் முடிந்தபின் தாமாக விலகவில்லை. 1818இல் ஹேஸ்டிங்ஸ் பிரபு வங்காளத்தில் முன்தணிக்கையைக் கைவிட்ட பின்னரும் சென்னை அரசாங்கம் அதைப் பின்பற்றவில்லை. கல்கத்தா ஜர்னல் ஆசிரியர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம் முதன்முதலாக மேலிடத்தின் கண்டனத்துக்கு ஆளானதும் சென்னையை முன்னிட்டுத்தான்: ஆளுநர் ஹியூ எலியட்டின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது பற்றிக் கடுமையாக எழுதியதே 1819இல் அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். நான்கு ஆண்டுகளில் அவர் நாடுகடத்தப்பட்டார்.

தணிக்கைக்கு ஆதரவாக எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையானது என்று சொல்லத்தக்க ஆவணமும் சென்னையிலிருந்தே எழுந்தது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஏப்ரலில் எழுதிய குறிப்பில், அந்நியர் ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒரே நாட்டில் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாதென வாதிட்டார். ஐரோப்பியர் சிலர் படிக்கும் ஆங்கில ஏட்டைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. நாளை நாட்டு மொழிகளில் ஏடுகள் பெருகி, அவை பேசும் உரிமை இந்தியப் படைவீரர்களின் காதில் விழுந்தால் கம்பெனியின் ஆட்சி நிலைக்காது என்பதே அவர் அஞ்சியது. உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும் இரயத்துவாரி முறையால் உழவர்களின் அன்பைப் பெற்று, இன்றும் சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும் அந்த ஆளுநர், அடக்குமுறைக்கு ஒழுக்கம், அமைதி, நாகரிகம் என்ற போர்வைகளைத் தேடவில்லை. தணிக்கை எதற்காக என்பதை ஆட்சியின் தற்காப்பு என்ற உண்மையான பெயரால் அழைத்தார். பின்வந்த ஆட்சியாளர்களில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர் அரிது.

1835இல் தற்காலிக ஆளுநர் தலைவராக இருந்த சார்லஸ் மெட்காஃப், மெக்காலே வரைந்த 11ஆம் சட்டத்தால் இக்கட்டுகளை நீக்கினார். அச்சிடுகிறவரும் வெளியிடுகிறவரும் அச்சகம் இருக்குமிடத்தை அறிவித்துப் பதிவு செய்தால் போதும் என்பதே அச்சட்டத்தின் சாரம். கம்பெனியின் இயக்குநர்கள் இதை விரும்பவில்லை. மெட்காஃபுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சென்னை ஆளுநர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டதும், அவர் கம்பெனிப் பணியிலிருந்து விலகியதும் இதன் தொடர்ச்சி என்றே அக்காலத்தவர் கருதினர்.

அச்சகத்தின் பூட்டு திறந்த எட்டே ஆண்டுகளில் கோப்பின் பூட்டு இறுகியது. 1843இல் ஆளுநர் தலைவர் எல்லன்பரோ, அரசு ஊழியர் தம் பதவியால் கைக்கு வரும் ஆவணங்களைத் தம் சொத்தாகக் கருதக் கூடாது, பத்திரிகைகளுக்குத் தரக் கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். ஏடுகள் எதையும் எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு உரிய சான்று எதுவும் அவற்றுக்குக் கிடைக்காது என்ற நிலை உருவாயிற்று. 1832 முதல் வெளிவந்த புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ், அரசாங்கம் சொல்ல விரும்பியதை மட்டும் சொன்னது. இந்நிலையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1844இல் தொடங்கிய கிரெசென்ட் ஏடும், அவரே முன்னின்று அமைத்த சென்னை நேட்டிவ் அசோசியேஷன் என்ற சங்கமும் செய்த பணி பெரிது. அரசாங்கம் தராத தகவலைச் சங்கத்தார் ஊர்களிலிருந்தே திரட்டினர். நிலவரி வசூலிக்க வருவாய்த்துறைச் சிப்பந்திகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்வதை மனுவாக எழுதி இலண்டன் நாடாளுமன்றம் வரை கொண்டுசென்றனர். நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி செய்மூர் நேரில் வந்து பார்த்ததும், சித்திரவதை விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு 1855இல் அதன் அறிக்கை வெளிவந்ததும் அதன் பயன்கள். அதிகாரிகள் அதுவரை இல்லையென்று மறுத்துவந்த கொடுமை, அரசாங்கமே அச்சிட்ட அறிக்கையில் ஏறிய பிறகு மறுக்க முடியாததாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மொழி ஏடுகள் பெருகியபோது, அரசாங்கம் அவற்றைப் படிப்பதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்தது. சென்னை மாகாணத்தில் வெளிவந்த தமிழ், தெலுங்கு, மலையாள, கன்னட, உருது இதழ்களை மொழிபெயர்ப்பாளர்கள் படித்து, இதழின் பெயர், தேதி, செய்தியின் சுருக்கம் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் தொகுக்க, அது அச்சிடப்பட்டு உயர் அதிகாரிகளிடையே மட்டும் சுற்றில் விடப்பட்டது. குறிப்பிட்ட ஊரில் தாசில்தார் இலஞ்சம் வாங்குவதாகத் தமிழ் வார இதழ் எழுதிய நான்கு வரி கோட்டைக்குள் இவ்வாறு சென்று சேர்ந்தது. அதன்மேல் அரசாங்கம் என்ன எழுதியது, விசாரித்ததா, கிடப்பில் போட்டதா என்பது அவ்விதழாசிரியருக்கு ஒருபோதும் தெரியவந்ததில்லை. மூல இதழ்கள் பலவும் அழிந்துபோக, இந்த இரகசியத் தொகுப்புகள் இன்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்களின் முதன்மைச் சான்றாக விளங்குகின்றன.

இதே காலத்தில் கோப்பின் பூட்டு சட்டமாகவும் உருப்பெற்றது. காஷ்மீர் மன்னரை ஒதுக்கி அந்நாட்டின்மேல் பிடியை இறுக்கும் எண்ணத்தை வெளிப்படுத்திய அரசுக் குறிப்பொன்றை அமிர்த பஜார் பத்திரிகா வெளியிட்ட 1889ஆம் ஆண்டிலேயே, அலுவல் இரகசியச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. கர்சன் பிரபு 1904இல் அதைக் கடுமையாக்கினார்; 1923இல் அது புதிய வடிவம் பெற்றது. அதன் 5ஆம் பிரிவின்படி இரகசியத்தை வெளியிடும் ஊழியர் மட்டுமின்றி அதைப் பெற்றுக்கொள்பவரும் குற்றவாளி. இரகசியம் என்பது எது என்று அச்சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. ஆகவே அதிகாரி இரகசியம் என்று முத்திரையிட்டதெல்லாம் இரகசியமாயிற்று.

அச்சகத்தின் பூட்டு 1908இல் மீண்டும் வந்தது. சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவ்வாண்டு ஆகஸ்டில் இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். சுப்பிரமணிய பாரதி எழுதிவந்த இந்தியா வார இதழின் சட்டப்படியான ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து இதழைத் தொடர்ந்தபோது, ஆங்கிலேயர் எல்லைக்குள் அது வருவது தடுக்கப்பட்டது. சந்தாதாரர் கைக்குப் போய்ச் சேராத இதழ் 1910இல் நின்றது.

அதே 1910இல் வந்த பத்திரிகைச் சட்டம், சிறையைவிட மலிவானதும் வலியதுமான ஓர் ஆயுதத்தைக் கையாண்டது: ஜாமீன் தொகை. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை அரசிடம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆட்சேபத்துக்குரியது எதுவும் அச்சேறினால் நீதிமன்ற விசாரணையின்றி அரசாங்கமே அத்தொகையைப் பறிமுதல் செய்யலாம். மீண்டும் தொழில் நடத்த 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டியிருக்கும். மறுமுறை தவறினால் அச்சகமே போய்விடும். ஆட்சேபத்துக்குரிய கருத்து நேரடியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டியதில்லை. குறிப்பாலோ உருவகத்தாலோ உய்த்துணரும்படி இருந்தாலும் போதும் என்று 4ஆம் பிரிவு கூறியது. பாஞ்சாலியின் துயரத்தைப் பாடினால் பாரத நாட்டைப் பாடியதாகப் படிக்கும் வாசகர் கூட்டம் இருந்த மொழியில், உருவகத்தைக் குற்றமாக்கிய சட்டம் இலக்கியத்தையே கூண்டில் ஏற்றியது. முதலீடு குறைந்த சிற்றிதழ்கள் வழக்குக்கு முன்பே மூச்சடங்கின. தப்பி எழுதியவர்களும் எதை விடுவது என்று கணக்குப் பார்த்தே எழுதினார்கள்.

இச்சட்டத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் அன்னி பெசன்ட். அவருடைய நியூ இந்தியா நாளேட்டிடம் 1916 மே மாதம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்கப்பட்டது. ஆகஸ்டில் அது பறிமுதலாயிற்று. அவர் 10,000 ரூபாய் கட்டி ஏட்டைத் தொடர்ந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வின் முன் வழக்காடித் தோற்றார். இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் 1919இல் தோற்றார். எனினும் அவ்வழக்கு இச்சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு எவ்வளவு குறைந்த அதிகாரம் விடப்பட்டிருந்தது என்பதை நாடறியச் செய்தது. சப்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1922இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கம் நிலைக்கவில்லை. 1928இல் பர்மா அரசாங்கத்தைத் தொடர்ந்து சென்னை அரசாங்கமும் பாரதியின் பாடல்களைத் தடைசெய்து படிகளைக் கைப்பற்ற, சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கினார். 1931இல் ஜாமீன் முறை அவசரகால அதிகாரச் சட்டமாகத் திரும்பியது.

விடுதலை பெற்ற நாட்டில் பேச்சுரிமை அடிப்படை உரிமையாயிற்று. அதன் எல்லையை முதலில் சோதித்த வழக்கும் சென்னையிலிருந்தே சென்றது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தனர். அடுத்த சில வாரங்களில், மார்ச் 1 அன்று, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையவும் விற்கப்படவும் மாகாண அரசு தடை விதித்தது. தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். கருத்தை வெளியிடும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும்; நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதைத் தடுக்க அரசியலமைப்பு இடம் தருகிறது; பொது ஒழுங்கு என்ற பரந்த காரணம் போதாது என்று அத்தீர்ப்பு கூறித் தடையை நீக்கியது. புதுச்சேரியிலிருந்து வந்த இந்தியா இதழைக் கொன்றது இதே வகை நுழைவுத் தடைதான். நாற்பதாண்டு கழித்து அது சட்டவிரோதம் என்றாயிற்று.

வெற்றி ஓராண்டே நீடித்தது. 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பொது ஒழுங்கையும் தடைக்கான காரணங்களுள் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில் சேர்ந்தது ஓர் ஆறுதல். நீதிமன்றங்கள் பின்னர் அச்சொல்லைப் பற்றியே பலமுறை உரிமையைக் காத்தன. அவ்வாண்டே ஜாமீன் முறையுடன் கூடிய இன்னொரு பத்திரிகைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தவர், வெள்ளையர் ஆட்சியில் பலமுறை சிறை சென்ற ராஜாஜி. ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தவர்கள் யாராயினும் இந்த ஆயுதத்தை எடுக்கத் தூண்டப்படுகிறார்கள் என்பதற்கு இதைவிட வருந்தத்தக்க சான்று வேண்டியதில்லை.

நெருக்கடி நிலையின்போது, தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டதும் தணிக்கை முழுவேகத்தில் வந்தது. கைதானவர்களின் பெயர்களை வெளியிட அனுமதியில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில், அண்ணா சதுக்கத்துக்கு வந்து மலரஞ்சலி செலுத்த இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் வெளியிட்டது. மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானவர்கள் யார் யார் என்பது தமிழ்நாட்டுக்கு அப்படித்தான் தெரியவந்தது. 1987இல் சட்டமன்றமே தணிக்கையாளரின் இடத்தில் அமர்ந்தது. அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் திருடர்களோடு ஒப்பிட்ட அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் அத்தண்டனை செல்லாது என்று 1994இல் கூறி 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது.

அதே 1994இல், கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத்துறை தடுக்க முனைந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இரு பூட்டுகளையும் ஒருசேரத் தொட்டது. பொது ஊழியர் தமக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி முன்கூட்டியே ஒரு வெளியீட்டைத் தடுக்க முடியாது. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் பதிவாகியவற்றை எவரும் வெளியிடலாம் என்றது அத்தீர்ப்பு. ஆவணத்தை வெளியிட உரிமையுண்டு என்றால், ஆவணத்தைப் பெற உரிமையுண்டா என்ற வினா இயல்பாகவே அடுத்து நிற்கிறது.

அவ்வினாவுக்கு 1975இலேயே, ராஜ் நாராயண் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி கே.கே. மாத்யூ கொள்கையளவில் விடை தந்திருந்தார்: பொது ஊழியர் பொது முறையில் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமையுண்டு. அவ்வுரிமைக்கு உயிர் கொடுத்தவர்கள் இராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பினர் 1994 முதல் ஊர்ப் பொது விசாரணைகளில் மஸ்டர் ரோல், அதாவது வேலைக்கு வந்தோர் பெயரும் கூலியும் குறிக்கும் வருகைப் பதிவேட்டை உரக்கப் படித்தபோது, இறந்துபோனவர்களும் ஊரிலேயே இல்லாதவர்களும் அதில் கூலி வாங்கியிருந்தார்கள். ஒரு தாளின் நகல் கிடைத்தால் போதும், ஊராரே கணக்குத் தணிக்கை செய்துவிடுவர் என்பது வெளிப்பட்டது. 1996இல் பியாவரில் 40 நாள் நடந்த தர்ணா அதை நாட்டின் கோரிக்கையாக்கியது.

தமிழ்நாடு 1997இல் இயற்றிய தகவல் உரிமைச் சட்டம் காலத்தால் முதலாவது, தரத்தால் அவ்வாறன்று. மறுக்கத்தக்க தகவல்களின் பட்டியல் இருபதைத் தாண்டி நீண்டது. மறுக்கும் அதிகாரிக்குத் தண்டனை ஏதுமில்லை. உண்மையான மாற்றம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் தகவல் உரிமைச் சட்டத்தால் நேர்ந்தது. 30 நாட்களுக்குள் விடை, உயிரும் சுதந்திரமும் சார்ந்ததாயின் 48 மணி நேரத்தில் விடை, தாமதிக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் என்று அது விதித்தது. ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் கேட்கும் வழக்கத்தையும் ஒழித்தது. 1923ஆம் ஆண்டு இரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் இச்சட்டமே மேலோங்கும் என்கிறது 22ஆம் பிரிவு.

பூட்டு மீண்டும் சிறிது சிறிதாக இறுகுவதையும் சொல்லியாக வேண்டும். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கு மத்தியத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்களித்து 2008இல் தமிழக அரசு ஆணையிட்டது. ஊழலை விசாரிக்கும் துறையையே மக்கள் பார்வைக்கு அப்பால் வைத்த அந்த ஆணை இச்சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே முடிவு செய்யும்படி 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலுக்கு இருந்த விலக்கிலிருந்து பொதுநலன் பற்றிய நிபந்தனையை எடுத்துவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற 8ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு மட்டும் எஞ்சியுள்ளது. மஸ்டர் ரோலில் உள்ள பெயரும் தனிப்பட்ட தகவல்தான் என்று நாளை ஓர் அதிகாரி சொல்லக்கூடும்.

அலுவல் இரகசியச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே, 2006இல், பரிந்துரைத்தது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.